தட்டில் எழுதிப் படித்த வருஷங்கள்

1

என் மகள் யாழினியின் வகுப்பறையில் சுவருக்குச் சுவர் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். துணி காயப்போடும் கயிறுதான், கிளிப்பும் அதே கிளிப்புதான். அதில் துணிக்குப் பதிலாகப் போட்டோக்கள் தொங்குகின்றன. ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மாவோ அப்பாவோ முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்று எடுத்த படத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. திங்கட்கிழமைக்குள்.

இந்த ஜெர்மன்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பள்ளியில் சேரும் நாளில் பிள்ளையின் கையில் அதன் உயரத்தில் பாதி இருக்கும் அட்டைக் கூம்பு ஒன்றைக் கொடுப்பார்கள். உள்ளே மிட்டாய், கலர் பென்சில், சின்னச் சின்ன பொம்மைகள். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முன்பல் இரண்டு இல்லாத சிரிப்போடு ஒரு போட்டோ. நம் ஊரில் கல்யாண ஆல்பம் எப்படியோ அப்படி இவர்களுக்கு இந்தப் படம். எல்லார் வீட்டிலும் இருக்கிறது. என்னிடம் இல்லை. கூம்பு இல்லாததால் மட்டும் இல்லை, அந்த வயதில் எனக்குப் பள்ளிக்கூடமே இல்லை.

யாழினியைக் கூட்டிவரப் போனபோது டீச்சரிடம் இதைச் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் இந்த ப்ரேமன் ஊரில் குப்பை கொட்டியும் என் ஜெர்மன் இன்னும் நொண்டிதான். இவர்கள் இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று சொல்வார்கள். வந்த புதிதில் விசா காரியமாக இருபத்தைந்தாம் நம்பர் அறைக்குப் போகச் சொன்னார்கள். நான் ஐம்பத்திரண்டாம் நம்பரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அது நாய் வளர்ப்பவர்கள் வரி கட்டும் இடம். "உங்கள் நாய் என்ன ஜாதி?" என்று கேட்டபிறகுதான் எழுந்து ஓடினேன். அப்படிப்பட்ட ஜெர்மனில் நான் டீச்சரிடம் சொன்னது: "சின்ன வயதில் நான் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தேன்."

டீச்சர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மறுநாள் யாழினியின் பையில் ஒரு கவர் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறதாம், கட்டணம் கிடையாதாம், கூச்சப்பட வேண்டாமாம்.

நான் கணிதத்தில் எம்.எஸ்ஸி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வீட்டுக்காரர் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். "போய்ச் சேர்ந்துடேன், சும்மாதானே இருக்கே" என்றார். கீழ்வீட்டு எல்கா மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்களா? இங்கே என்றால் போலீஸ் வந்திருக்குமே!" என்றாள் கண்ணை விரித்து.

வந்திருக்கும்தான். தி.நகரில் எங்கள் சந்துக்குள் போலீஸ்காரர் வருவதுண்டு, டிபன் கேரியர் வாங்க.

2

அப்பாவுக்குப் பாத்திரக்கடை. உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் வந்தவர்கள் அப்பாவும் அம்மாவும். அப்பா விற்பார். அம்மா பேர் வெட்டுவாள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாத்திரம் வாங்குகிறவர்கள் கொடுக்கிறவர் பேரை அதில் வெட்டித் தரச் சொல்வார்கள் இல்லையா, அந்த வேலை. பக்கத்துக் கடைகளிலெல்லாம் ஆண்கள்தான் வெட்டுவார்கள். எங்கள் கடையில் திரைக்குப் பின்னாலிருந்து டக் டக்கென்று சத்தம் மட்டும் வரும்.

அண்ணன் சங்கர் இரண்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் போனான். ஒருநாள் வாத்தியார் அப்பாவை வரச் சொல்லியிருந்தார். போன அப்பா அரை மணி நேரத்தில் அண்ணனையும் அவன் பையையும் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். முகம் செம்புப் பானை மாதிரி இருந்தது.

"மரியாத இல்லாத எடத்துல என் புள்ள படிக்க வேண்டாம்" என்றார். "நம்ம வீட்ல இல்லாத படிப்பா? நாம சொல்லிக் குடுப்போம்."

என்ன மரியாதைக் குறைச்சல் என்று யாருக்கும் சொல்லவில்லை. அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். எனக்கு அப்போது ஐந்து வயது. அடுத்த ஜூனில் என்னைச் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. அதற்கடுத்த ஜூனிலும் இல்லை.

3

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் வெளிச்சம்தான் ஞாபகம் வருகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வெயில் சந்துக்குள் சாய்ந்து கடைக்குள் வரும். எவர்சில்வர் வந்த புதிது. அடுக்கடுக்காக டம்ளரும் தட்டும் தூக்குமாக எதில் பட்டாலும் வெளிச்சம் தெறித்துக் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் வாடிக்கை குறைவு. நானும் அண்ணனும் சாக்கு விரித்து மல்லாந்து படுத்துக்கொள்வோம். அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடி விசிறிக்கட்டையால் காட்டுவார்.

"அந்தா பெருசா கெடக்குல்லா, அது ருஷ்யா. பக்கத்துல நீட்டமா சீனா. இந்தால சின்னதா ஒண்ணு துடிக்கி பாரு, அது சிலோன்."

வெயில் நகர நகர நாடுகளும் நகரும். நாலு மணிக்கு ருஷ்யா உடைந்து இரண்டாகும். சிலோன் சுவரில் இறங்கிக் காலண்டரில் இருக்கும் முருகன் வேலில் போய் உட்காரும். உலகத்தில் நாடுகள் ஒரு இடத்தில் நிற்காது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகு அதில் பெரிய தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு விளையாட்டு உண்டு. அண்ணன் கரண்டியால் தட்டுவான், நான் பாத்திரத்தின் பேரைச் சொல்ல வேண்டும். தவலை, சொம்பு, தூக்கு, அடுக்கு. பித்தளைக்கு ஒரு குரல், வெண்கலத்துக்கு வேறு குரல். வெண்கலம் சொல்லி முடித்த பிறகும் முனகிக்கொண்டே இருக்கும். அப்புறம் நான் தட்டுவேன், அப்பாவும் கண்ணைக் கட்டிக்கொள்வார். அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. விரிசல் விட்ட பாத்திரத்தைக் கடைக்கு வெளியே நிற்கும் வண்டியில் தட்டினாலும் உள்ளேயிருந்து சொல்லிவிடுவார்.

ஒருநாள் அண்டாவின் வாயைச் சணல் கயிற்றால் அளந்தோம். குறுக்கே ஒரு கயிறு வெட்டி, அதே கயிற்றால் விளிம்பைச் சுற்றி வந்தால் மூன்று முறை போய்க் கொஞ்சம் மிச்சம் நிற்கும். குடத்துக்கும் மூன்றும் கொஞ்சமும். டம்ளருக்கும் அப்படியே. சங்கர் விடாமல் கடையிலிருந்த அத்தனையையும் அளந்தான். அப்பாவுக்குத் தாங்கவில்லை, எழுந்து வந்து அவரும் அளந்தார். "எல்லாம் பேசி வச்சிட்டு நிக்கிற மாதிரில்லா இருக்கு" என்றார். பின்னால் கல்லூரியில் அந்த 'மூன்றும் கொஞ்சமும்' என்பதற்கு உள்ள 'பை' என்ற பேரையும் அதன் முடியாத தசமத்தையும் கரும்பலகையில் எழுதியபோது எனக்குச் சணல் வாசனை வந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டு வெளியே நிற்கவும் நேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கடற்கரை. கட்டுமரத்தைக் கரையேற்றிக்கொண்டிருப்பவர்களிடம் போய் நாங்கள் கேள்வி கேட்போம். ஒருமுறை நான் கேட்டேன், கடல் தண்ணீர் இவ்வளவு உப்பாக இருக்கிறதே, மீன் மட்டும் ஏன் உப்பாக இல்லை என்று. வலையை உதறிக்கொண்டிருந்தவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"இன்னா நைனா, பொண்ணு இப்டி கேக்குது? அத்த மீனாண்டதான் கேக்கணும். இஸ்கோலுக்கு அனுப்பலியா நீ?"

"இதாம்யா ஸ்கூலு" என்றார் அப்பா. அலை வந்து எங்கள் காலை நனைத்துவிட்டுப் போனது.

4

எழுத்து மட்டும் அம்மாவின் பாடம். ஊரில் ஐந்தாவது வரை படித்தவள். சிலேட்டு வாங்கித் தரச் சொன்னபோது, "இத்தன தட்டு கெடக்கயில சிலேட்டு எதுக்கு?" என்றார் அப்பா. ஆகவே தட்டு. சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் பளபளவென்று ஆகிவிடும்.

வாடிக்கைக்காரர்கள் பேரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்பா சீட்டைத் திரைக்கு உள்ளே நீட்டுவார். அந்தப் பேரை நான் முதலில் தட்டில் சுண்ணாம்பால் எழுத வேண்டும், அதன்மேல் அம்மா உளி வைத்து வெட்டுவாள். தட்டில் பேர் விளிம்பை ஒட்டி வளைந்துதான் வரும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாலு எழுத்து எழுதி, தட்டைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி நாலு எழுத்து. எனக்கு 'அ' என்றால் அம்மாவும் இல்லை, அணிலும் இல்லை. 'அ' என்றால் அபிராமபுரத்து அம்புஜம், ஆறு டம்ளர், ஒரு பால்செம்பு. 'க' என்றால் மந்தைவெளி கணபதி. ஆய்த எழுத்து யாருடைய பேரிலும் வராததால் பத்து வயதுவரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

எழுத எழுத எனக்கு ஆசை கூடிப்போனது. பேர் முடிந்த பிறகும் நிறுத்த மாட்டேன். அம்புஜத்தின் மாமியார் எப்படிப்பட்டவள், அந்தப் பால்செம்பில் என்ன காய்ச்சுவார்கள் என்று நானாக ஒரு கதை கட்டி, விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேருவேன். அம்மா தலையைச் சாய்த்துத் தட்டைத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு, "மாமியாரு பாவம்ட்டி" என்று சொல்லித் துடைத்துவிடுவாள்.

நாலு மணி டீ ஆனதும் பேப்பர் நேரம். அப்பா பேப்பரை அகலமாக விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்துக் காட்டுவார். அவர் வாசிப்பது மாதிரி யாராலும் முடியாது. நிலாவில் மனிதன் இறங்கிய சேதியை எட்டு நாள் வாசித்தார். போனவர்களுக்கு அங்கே தாகம் எடுத்ததையும், அங்கிருந்து பார்த்தால் நம் பூமி நன்றாகத் துலக்கிய உருளி மாதிரித் தெரிந்ததையும் வாசித்தார். அமைச்சர்கள் சண்டை போட்டால் இரண்டு குரலிலும் பேசுவார். நானும் அண்ணனும் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். திரைக்குப் பின்னால் உளிச் சத்தம் நின்றிருக்கும்.

5

இவ்வளவு இருந்தும் எனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். அதை இன்றைக்கு யோசித்தால் எனக்கே புரியவில்லை, ஆனால் அன்றைக்கு அது பசி மாதிரி இருந்தது. காலையில் சந்து வழியாக நீலப் பாவாடைப் பெண்கள் நாலு பேர் போவார்கள். ரெட்டைப் பின்னலை மடித்துக் கட்டியிருப்பார்கள். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டு போவதுகூட எனக்கு அழகாக இருந்தது. வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து அண்ணனைப் பட்டியல் வாசிக்கச் சொல்வேன். அவன் இஷ்டத்துக்குப் பேர்களை அடுக்கிக் கடைசியில் "சொர்ணம்!" என்பான். நான் எழுந்து நின்று "உள்ளேன் அம்மா!" என்பேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை. அவனுக்கு அலுத்துப்போகும், எனக்கு அலுக்காது.

அப்பாவிடம் கேட்டால், "அங்க போய் என்னட்டி செய்யப் போற? பெஞ்சுல உக்காந்து காலு மரத்துப் போவும்" என்பார். மேலே கேட்டால் எழுந்து போய்விடுவார்.

எனக்குப் பத்து வயது முடிந்ததும் அம்மா ஒரு காரியம் செய்தாள். தை மாதம், கல்யாண சீசன். கடையில் கூட்டம். அப்பா சீட்டை உள்ளே நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"இவள ஆறாங் கிளாஸ்ல சேக்கிற வரைக்கும் நான் உளியத் தொட மாட்டேன்."

"ஏட்டி, ஆளுக நிக்காங்க."

"நிக்கட்டும். நம்ம ரெண்டு பேரும் பட்டது போதும். அவ போகட்டும்."

இரண்டு நாள் கடைக்குப் பின்னால் சத்தமே இல்லை. பேர் வெட்டாத பாத்திரங்கள் வரிசையாகத் தரையில் நின்றன. மூன்றாம் நாள் அப்பா இறங்கி வந்தார். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில், முன்னே எங்கும் படிக்காத பிள்ளைக்குப் பரீட்சை வைத்துப் பார்ப்பார்கள் என்று யாரோ வாடிக்கைக்காரர் சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு தடவ" என்றார் அப்பா. "அவுக வேண்டாம்னா நாமளும் வேண்டாம்னு வந்திருவோம். அதுக்கப்பறம் இந்த வீட்டுல ஸ்கூலுன்னு யாரும் பேசப்பிடாது. சம்மதமா?"

நான் சம்மதம் என்றேன்.

6

போட்டோ விஷயத்துக்கு யாழினி தானே ஒரு முடிவு கண்டுபிடித்தாள். இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில்தான் பதில் வருகிறது. நடுவில் ஒரு 'அம்மா' மட்டும் தமிழ். அந்த ஒன்றும் எத்தனை நாளைக்கோ. அவள் சனிக்கிழமை முழுக்க மேஜையில் கவிழ்ந்து ஒரு படம் வரைந்தாள். மஞ்சள் முடி வைத்த ஒரு சிறுமி. மடியில் தட்டு.

"முடி ஏண்டி மஞ்சள்?"

"வெளிச்சம்" என்றாள் ஜெர்மனில். கூரையில் ருஷ்யாவும் சீனாவும் மிதந்த கதையை எப்போதோ சொல்லியிருந்தேன். அவள் மறக்கவில்லை.

பிறகு கேட்டாள், "அம்மா, அந்தப் பரீட்சையில் நீ பாஸா?"

இதைக் கேட்பவள் என் மகள் என்றாலும் எனக்கு ஒரு கணம் மயிலாப்பூர் வெயில் முதுகில் அடித்தது.

7

அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. கண்ணாடி எப்போதும் கூட்டுக்குள்தான் இருக்கும். பஸ்ஸில் போய் இறங்கினோம். அலுவலக ஜன்னலில் இருந்தவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டி.சி. எங்க?"

"இல்லங்க. வீட்டுலயே படிச்ச புள்ள."

"இன்னா சார் நீ? டி.சி. கேட்டா வீட்டுல படிச்சிக்கினு இருந்துச்சின்ற. பர்த் சர்ட்டிபிகேட் கீதா?"

அது இருந்தது. அம்மா மஞ்சள் பையில் பத்திரமாக வைத்து அனுப்பியிருந்தாள். நாலு காகிதம் கொடுத்து அப்பாவை நிரப்பச் சொன்னார்கள். அப்பா கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்து, மூடி, "கண்ணு சரியில்ல, நீ எழுதுட்டி" என்று என்னிடம் தள்ளினார். நான் நேராகவே நிரப்பினேன். கோடு போட்டிருந்ததால் பிரச்சினை இல்லை.

என்னைத் தனியாக ஒரு வகுப்பில் உட்கார வைத்தார்கள். வாழ்க்கையில் முதன்முதலாகப் பெஞ்சு. ஜன்னலுக்கு வெளியே புங்கமரம், அதன் நிழல் என் மேஜைமேல் ஆடிக்கொண்டிருந்தது. கணக்கைச் சீக்கிரம் போட்டுவிட்டேன். அடுத்தது ஒரு கட்டுரை. 'என் வீடு' என்று தலைப்பு.

தாள் வெள்ளையாக, கோடில்லாமல் இருந்தது. நான் கடையை நினைத்தேன். வெயிலையும் சணல் கயிற்றையும் உப்பில்லாத மீனையும் நினைத்தேன். எழுத ஆரம்பித்தபோது நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது. மணி அடித்து டீச்சர் தாளை இழுத்தபோதுதான் பார்த்தேன். தாளின் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி, நடுவில் வந்து முடித்திருக்கிறேன்.

டீச்சர் தாளை அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். ஒரே ஒரு தடவை என்று அப்பா சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

8

தலைமை ஆசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மெலிந்த உருவம், கஞ்சி போட்ட நூல் புடவை. மேஜைமேல் என் தாள் கிடந்தது.

"உக்காருங்கோ. கணக்கெல்லாம் நன்னாப் போட்டிருக்கா. ஆனா இது என்னன்னு எனக்குப் புரியலை. விளையாட்டா, இல்லே திமிரா? நீங்களே படிச்சுப் பாருங்கோ."

அப்பா தாளை வாங்கினார். கண்ணாடியைத் தேடவில்லை. தாளை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்ப ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த எழுத்து வராமல் முந்தின எழுத்து வரும் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அம்மா ஒருநாளும் அப்படித் திருப்ப மாட்டாள். அண்ணன் மாட்டான். தட்டில் ஒரு பேரையாவது வாசித்தவர்கள் அப்படித் திருப்ப மாட்டார்கள். அந்த அறையில், அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே நீட்டப்பட்ட சீட்டுகள், திறக்காத கண்ணாடிக் கூடு, எட்டு நாள் ஓடிய நிலா, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. தினமும் காலையில் அப்பா டீக்கடைக்குப் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வருவார். அங்கே யாரோ பேப்பரை உரக்க வாசிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"வாசியுங்கோ" என்றார் தலைமை ஆசிரியை. "நானும் கேக்கறேன்."

அப்பாவின் முகம் செம்பு நிறமாக ஆரம்பித்தது. அந்த நிறத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவர் கை என் தோளைப் பிடித்தது, நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவ்வளவுதான், அண்ணனை இழுத்து வந்த மாதிரி என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

நாற்காலி கிரீச்சென்றது. கண்ணைத் திறந்தபோது அப்பா மறுபடி உட்கார்ந்திருந்தார். தாளை மேஜைமேல் வைத்து, சுருக்கமில்லாமல் தடவிவிட்டார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா" என்றார். "எளுத்தே தெரியாது. இது எம் பொண்டாட்டியத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, எம் புள்ளைகளுக்கும் தெரியாது. மொதல்ல ஒரு ஸ்கூல்ல, எல்லாரும் நிக்கயில, ஒரு வாத்தியார் காயிதத்த நீட்டி வாசிங்கன்னாரு. மாட்டாம முளிச்சேன். சிரிச்சிட்டாரு. அந்த ரோசத்துல மூத்தவன் படிப்ப நான் கெடுத்தேன். இவ தட்டுல எளுதிப் படிச்சவ, அதான் சுத்திப் போவுது. திமிரு இல்லம்மா. நீங்க வாசிங்க. எனக்கும் என்ன எளுதிருக்கான்னு கேக்கணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

தலைமை ஆசிரியை எழுந்து மேஜையைச் சுற்றி எங்கள் பக்கம் வந்தார். அப்பாவின் அருகில் நின்று, தாளைச் சரியான பக்கமாகத் திருப்பி, உரக்க வாசிக்க ஆரம்பித்தார். கூரையில் நாடுகள். அண்டாவுக்கும் டம்ளருக்கும் ஒரே அளவு மிச்சம். சாந்தோம் மீன்காரர். நடுநடுவே அவருக்குச் சிரிப்பு வந்தது. நடுவை நெருங்கிக்கொண்டிருந்தார். அடுத்து என்ன வரி வரும் என்று எனக்குத் தெரியும்.

அந்த இடத்தில் அவர் நின்றார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளை ஒரு சுற்று திருப்பி அதற்கு அடுத்த வரியிலிருந்து வாசித்து முடித்தார்.

"ஆறாம் வகுப்பிலே சேத்துக்கறேன்" என்றார். "நேரா எழுதப் பழக்கிக்கணும். இப்படியும் மறந்துட வேண்டாம்."

9

அண்ணன் பின்னால் பிரைவேட்டாக எழுதி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தான், கடை இன்று அவன் கையில். யாழினிக்கு இவ்வளவும் சொன்னேன். மீதியையும் சொன்னேன்.

அன்று பள்ளியிலிருந்து வெளியே வந்து மயிலாப்பூர் குளத்தோரம் கொஞ்ச தூரம் நடந்தோம். பஸ் ஸ்டாப்பில் கூட்டமாக இருந்தது. "நடப்பமா?" என்றார் அப்பா. நடந்தோம். லஸ் தாண்டியதும் அவர் கேட்டார்.

"அந்தம்மா ஒரு எடத்துல நின்னாவல்லா. அங்க என்னட்டி எளுதியிருந்த?"

பாத்திரத்தின் விரிசலைத் தூரத்திலிருந்தே கேட்கிற காது அது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எங்க அப்பா தினமும் எங்களுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுவாங்க. அவங்கள மாதிரி வாசிக்க யாராலயும் முடியாது. அப்படின்னு எழுதியிருந்தேன்."

அப்பா நின்றுவிட்டார். ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு எதிர்ச் சாரியில் இருந்த ஒரு பச்சை போர்டைக் கையால் காட்டினார்.

"அதுல என்ன போட்ருக்கு?"

"காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரப்படும்."

"அப்படியா! அது மருந்துக் கடைன்னுல்லா பத்து வருசமா நெனச்சிட்டிருக்கேன். இந்தப் பக்கம்?"

"சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்."

"அது?"

"இங்கு நோட்டீஸ் ஒட்டாதே."

அப்பா சிரித்தார். ஆழ்வார்பேட்டை, எல்டாம்ஸ் ரோடு, மவுண்ட் ரோட்டைக் கடந்து பாண்டி பஜார் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். என் தொண்டை காய்ந்துவிட்டது. பனகல் பார்க் அருகே ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இப்ப வாசி" என்றார். "ஒண்ணையும் விட்ராத."